கவலையும் விசுவாசமும்: வேதபாட வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விகள்

எங்கள் சபையில் வியாழக்கிழமை சாயங்கால வேதபாட வகுப்பை நடத்துகிறவன் நான். போதகர் இல்லை, வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆதியாகமத்தை எடுத்தாலும் சரி, எபிரெயரை எடுத்தாலும் சரி, எட்டு மணிக்கு வகுப்பு முடியும்போது யாராவது ஒருவர் கவலையைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. பலர் வகுப்பில் கேட்பதே இல்லை; செருப்பு மாட்டும் இடத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். அப்படிக் கேட்ட கேள்விகளும், எனக்குத் தெரிந்தவரை நான் சொன்ன பதில்களும் இவை. வசனங்கள் எல்லாம் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

கவலைப்படுவது பாவமா?

பாவம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் பிரசங்கங்களை நானும் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு, இருந்த கவலையோடு 'ஐயோ, கவலைப்படுகிறேனே' என்ற இன்னொரு கவலையும் சேர்ந்ததுதான் மிச்சம்.

"நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியர் 4:6-ல் எழுதிய அதே பவுல், கொரிந்து சபைக்கு எழுதும்போது, "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" என்கிறார் (2 கொரிந்தியர் 11:28). நாள்தோறும்! பிலிப்பியர் நிருபத்திலேயே இரண்டு அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். எப்பாப்பிரோதீத்து என்ற உடன் ஊழியர் சாகக் கிடந்து பிழைத்திருக்கிறார். அவரை ஊருக்கு அனுப்பி வைக்கும்போது, நீங்கள் அவனைக் கண்டு சந்தோஷப்படவும் "என் துக்கம் குறையவும்" அனுப்புகிறேன் என்று பவுல் எழுதுகிறார். குறையவும் என்றால் அதுவரை இருந்தது என்றுதானே பொருள்?

இன்னும் ஒன்று. அதே இரண்டாம் அதிகாரத்தில் தீமோத்தேயுவைப் பாராட்டும்போது, உங்கள் காரியங்களை உண்மையாய் "விசாரிக்கிறதற்கு" இவனைப்போல வேறொருவனும் என்னிடம் இல்லை என்கிறார். அங்கே கிரேக்கத்தில் இருக்கும் வினைச்சொல்லும் 4:6-ல் "கவலைப்படாமல்" என்று வரும் வினைச்சொல்லும் ஒன்றேதான். ஒரு இடத்தில் வேண்டாம் என்கிறார். ஒரு இடத்தில் அதற்காகவே ஒருவனை மெச்சுகிறார்.

இந்த இடத்தில் நம் தமிழ் நமக்கு ஒரு உதவி செய்கிறது. விசாரம் என்றால் கவலை. "என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில்" என்கிறது சங்கீதம் 94:19. விசாரிப்பது என்றால் நலம் கேட்பது, பார்த்துக்கொள்வது. "அம்மாவை விசாரித்ததாகச் சொல்லு" என்கிறோமே, அது. 1 பேதுரு 5:7-ஐ இப்போது படித்துப் பாருங்கள்: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." நான் உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் விசாரம். என்னை ஒருவர் விசாரிக்கிறார் என்று நம்பி அவரிடம் சொல்லிவிட்டால், அதே காரியம் வேறு ஒன்றாகிறது. என் மகளைப் பற்றி எனக்கு இருக்கும் அக்கறை பாவம் இல்லை. கடவுளே இல்லாததுபோல் அதை நான் ஒருவனே சுமப்பதைத்தான் இயேசு வேண்டாம் என்கிறார்.

"நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்பதெல்லாம் வசதியானவர்களுக்குத்தானே? அன்றாடங்காய்ச்சிக்கு எப்படிப் பொருந்தும்?

கொத்தனார் வேலைக்குப் போகிற ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. வகுப்பில் இதைவிட நல்ல கேள்வி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மத்தேயு 6-ல் இயேசு மலைமேல் உட்கார்ந்து இதைச் சொன்னபோது எதிரில் இருந்தவர்களில் பலர் அன்றாடங்காய்ச்சிகள்தான். மீன் பிடிக்கிறவர்கள், வரி கொடுத்தே ஓய்ந்த விவசாயிகள், விடியற்காலையில் சந்தைவெளியில் வேலைக்காக நிற்கிறவர்கள். ஒரு நாள் கூலி ஒரு பணம் என்று மத்தேயு 20-ல் வருகிறது. அன்றைக்குக் கூலி கிடைத்தால் அன்றைக்கு அடுப்பு எரியும். அவர்களிடம்தான் "என்னத்தை உண்போம், என்னத்தைக் குடிப்போம்" என்று கவலைப்பட வேண்டாம் என்கிறார். அவர்கள் கவலை பொய் என்று சொல்லவில்லை. "இவைகளெல்லாம் உங்களுக்கு வேண்டியவைகள் என்று உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார்" என்பதுதான் அடுத்த வரி. சோறு வேண்டியதுதான் என்று ஒத்துக்கொண்டபிறகே பேசுகிறார்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்றுதான் இருக்கிறது. மாதத்துக்கு அல்ல, இன்றைக்கு. இதைக் கேட்ட யூதர்களுக்கு, வனாந்தரத்தில் கடவுள் தினமும் தந்த மன்னா என்ற ஆகாரம் ஞாபகம் வந்திருக்கும். யாத்திராகமம் 16-ல், தலைக்கு ஒரு ஓமர் வீதம் அந்தந்த நாளுக்கு மட்டும் சேர்க்கச் சொன்னார் கடவுள். நாளைக்கு இருக்கட்டுமே என்று எடுத்து வைத்தவர்களின் பாத்திரத்தில் புழு நெளிந்தது, நாறிப்போனது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு மடங்கு சேர்க்கலாம், அது கெடவில்லை. நாற்பது வருஷம் அந்த ஜனங்கள் இப்படித்தான் சாப்பிட்டார்கள். அதை ஒரு பள்ளிக்கூடம் என்றே நினைக்கிறேன்.

குருவிக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. மத்தேயு 10-ல் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி. லூக்கா 12-ல் இரண்டு காசுக்கு ஐந்து. நாலுதானே வர வேண்டும்? ஐந்தாவது கொசுறு. விலையே இல்லாத அந்தக் கொசுறுக் குருவியையும் சேர்த்துத்தான் "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்கிறார். தம்பிக்கு இது பிடித்திருந்தது. ஆனால் உடனே அவர் கேட்டார்: "குருவி கீழே விழுவதாகவும் இருக்கிறதே, அண்ணே?" ஆம், மத்தேயுவில் இருக்கிறது. பிற்பாடு அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தும் நாம் போய் மத்தேயு 6-ஐ வாசித்துக் காட்டினால் அது விசுவாசம் அல்ல. "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புவதை யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் வெளுத்து வாங்குகிறார்.

அப்படியானால் சேமிப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் அவிசுவாசமா?

இல்லை. யோசேப்பு ஏழு வருஷம் தானியம் சேர்த்தார். எருசலேமின் அலங்கத்தைக் கட்டும்போது எதிரிகள் வருவார்கள் என்று தெரிந்ததும் நெகேமியாவும் ஆட்களும் ஜெபமும் செய்தார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள் (நெகேமியா 4:9). ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஜெபித்துவிட்டு வண்டியை எடுங்கள்.

ஜெபம் செய்து 'ஆமென்' சொல்லித் தலையணையில் சாய்ந்ததும் கவலை திரும்ப வந்துவிடுகிறது. என் விசுவாசத்தில் கோளாறா?

என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் என் மனைவிக்கு ஒரு கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் வகுப்பில் நான் சமாதானத்தைப் பற்றிப் பேசினேன். வீட்டில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறையில் நின்றேன். கர்த்தர்மேல் பாரத்தை வைப்பேன். ஐந்து நிமிஷத்தில் நானே போய் எடுத்து வந்துவிடுவேன்.

எனக்கு உதவியது எசேக்கியா ராஜா. கி.மு. 701-ல் அசீரியா ராஜா சனகெரிப் யூதாவின் ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்து, உன் தேவன் உன்னைக் காப்பாற்ற மாட்டார் என்று ஒரு மிரட்டல் கடிதம் அனுப்புகிறான். எசேக்கியா அதை வாங்கி வாசித்து, ஆலயத்துக்குக் கொண்டுபோய், "கர்த்தருக்கு முன்பாக விரித்து" வைக்கிறார் (2 இராஜாக்கள் 19:14). எனக்கு அந்த 'விரித்து' பிடித்திருக்கிறது. மனதுக்குள் கலங்கலாக இருந்ததை ஒரு காகிதமாக எதிரில் போட்டு, இதைப் பாரும் ஆண்டவரே என்கிறார். நான் ஆய்வுக்கூட ரசீதை மேசைமேல் விரித்து வைத்து ஜெபித்தேன். கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது.

அப்புறம் இன்னொன்று செய்தேன். எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் உண்டு, தாளுக்கு ஒரு வசனத்தோடு. காலையில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் அன்றைய கவலையை மட்டும் எழுதினேன். நாளைய கவலைக்கு நாளைய தாள். பத்து நாளில் பத்துத் தாள். நாலாவது நாளில் ஒரு விஷயம் புரிந்தது: பாரத்தை வைத்துவிடுவது ஒரு தடவை செய்து முடிக்கிற காரியம் அல்ல. மன்னாவைப்போல அதுவும் தினசரி வேலை. சில நாள் மணிக்கு ஒரு தடவை. "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று பவுல் எழுதும்போது (பிலிப்பியர் 4:11) கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்கிறார். பிறக்கும்போதே இருந்ததாகச் சொல்லவில்லை. அதனால் கவலை திரும்ப வந்தால் விசுவாசம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். திரும்ப வந்ததைத் திரும்ப விரித்து வையுங்கள், அவ்வளவுதான்.

ரிசல்ட் நல்லபடியாக வந்தது. சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்திருக்க மனம் வரவில்லை. அதே வாரம் அதே வராந்தாவில் எங்களோடு காத்திருந்த ஒரு அம்மாவுக்கு நல்லபடியாக வரவில்லை. அவரும் ஜெபிக்கிறவர்தான். எங்களைவிட நன்றாக ஜெபிக்கிறவர்.

அப்படி நாம் கேட்டபடி நடக்காமல் போனால்? பிறகு நம்பி என்ன பயன்?

தம்பி கேட்ட குருவி இங்கேதான் வருகிறது. பிதாவின் சித்தமில்லாமல் ஒரு குருவியும் தரையில் விழாது என்றார் இயேசு. ஒரு குருவியும் விழவே விழாது என்று அவர் சொல்லவில்லை.

ஜெர்மனியின் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1546 பிப்ரவரியில் தான் பிறந்த ஊரான ஐஸ்லேபனுக்கு ஒரு தகராறைத் தீர்த்து வைக்கப் போயிருந்தார். உடம்பு சரியில்லாதவர், குளிர்காலம். விட்டன்பெர்க்கில் மனைவி கத்தரீனா தூங்காமல் கிடந்தார். லூத்தர் கேலியாக எழுதினார்: நீ எனக்காகக் கவலைப்பட ஆரம்பித்த பிறகுதான் தங்கியிருந்த இடத்தில் தீப்பிடித்தது, மேலிருந்து கல் விழப் பார்த்தது, நீ நிறுத்தாவிட்டால் பூமி எங்களை விழுங்கினாலும் விழுங்கும், நீ ஜெபம் செய், கவலையைக் கடவுள் படட்டும். அது பிப்ரவரி 10. பிப்ரவரி 18-ல் அதே ஊரில் லூத்தர் இறந்துபோனார்.

இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த எட்டு நாளைச் சொல்வதில்லை. கத்தரீனா பயந்தது வீண் பயம் அல்ல. அதேசமயம், அவர் எவ்வளவு பயந்திருந்தாலும் அந்த 18-ஆம் தேதியைத் தள்ளிப்போட முடிந்திருக்காது. "கவலைப்படுகிறதினாலே உங்களில் எவன் தன் சரீர அளவோடு ஒரு முழத்தைக் கூட்டுவான்?" இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு இதைத் தாண்டி விளக்கம் தெரியாது.

சூளையில் போடுவேன் என்று மிரட்டிய பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் முன்னால் நின்ற மூன்று வாலிபர்கள், எங்கள் தேவன் விடுவிப்பார் என்று சொன்ன மூச்சிலேயே "விடுவிக்காமற்போனாலும்" என்றார்கள். கெத்செமனேயில் இயேசுவே "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சிஷ்யர்களிடம் சொல்லி, கூட விழித்திருக்கச் சொல்லிக் கேட்டார். நீங்க வேண்டும் என்று அவர் கேட்ட பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. ஜெபத்துக்குப் பிறகு எழுந்து நடந்துபோக அவருக்குப் பலம் கிடைத்தது. சிலருக்கு இந்தப் பதில் போதவில்லை என்று எனக்குத் தெரியும். போதவில்லை என்பதையே சங்கீதமாகப் பாடியிருக்கிறார்கள். 88-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள், கடைசி வரி வரை இருட்டுதான்.

புது வருஷத்தில் எடுத்த வாக்குத்தத்த வசனத்தைப் பிடித்துக்கொண்டால் போதாதா?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வசனம் எழுதிய அட்டைகளோடு வருவார்கள், ஆளுக்கு ஒன்று எடுப்போம். "வாலாக்காமல் தலையாக்குவார்" வந்தவருக்கு முகம் மலரும். கண்டிப்பான வசனம் வந்தவர் பேசாமல் மடித்து பைபிளுக்குள் வைப்பார். அதில் தப்பில்லை, நானும் எடுக்கிறேன். ஆனால் அட்டையில் ஒரு வரிதான் கொள்ளும்.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் உள்ளது. முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவர்களுக்கு இடைக்காலத்தில் சொல்லப்பட்டது என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள். நிலைமை மாறுவதற்காகக் காத்திருக்கும் வருஷங்களில் கத்தரிக்காய்ச் செடி வைக்கச் சொல்கிறார் கடவுள். எனக்கு 11-ஆம் வசனத்தைவிட இந்த 5-ஆம் வசனம் அதிக ஆறுதல்.

'பயப்படாதே' என்று வேதத்தில் சரியாக 365 தடவை, நாளுக்கு ஒன்று வீதம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் கேட்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வருவதில்லை. ஒரு தடவை சொல்லியிருந்தாலும் போதும்தானே.

ராத்திரி தூக்கமே வருவதில்லை. என்ன செய்வது?

எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். தன்னைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வந்த தூதன் பிரசங்கம் செய்யவில்லை, கண்டிக்கவும் இல்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. கடவுள் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான்.

அதனால் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், சாயங்காலத்துக்குப் பிறகு காபியைக் குறையுங்கள், செல்போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள், அதில் வருவது வசனமாகவே இருந்தாலும். தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே இருக்காமல் எழுந்து உட்கார்ந்து ஒரு சங்கீதத்தைச் சத்தமாக, நிதானமாக வாசியுங்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற ஒரே வரியை மூச்சோடு சேர்த்துச் சொல்வது எனக்குப் பழக்கம்.

மனநல மருத்துவரைப் பார்ப்பதும் மாத்திரை சாப்பிடுவதும் விசுவாசக் குறைவு என்கிறார்களே?

சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்து இதைச் சொல்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

எசேக்கியா வியாதியாக இருந்தபோது கடவுள் ஆயுசைக் கூட்டிக் கொடுத்தார். கூடவே ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப்போடச் சொன்னார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கைவைத்தியம் எழுதி அனுப்பினார். லூக்கா வைத்தியர். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே படுக்கையோடு தொடங்கிய மிஷன் மருத்துவமனை இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி); அவர்களுடைய மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. வீட்டார் ஒருவர் கூடவே தங்கி கவனிக்கும் முறையில் பல பத்தாண்டுகளாகச் சிகிச்சை தருகிறார்கள். ஜெபத்தோடு தொடங்கும் ஒரு இடத்திலேயே மாத்திரையும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

சாதாரணக் கவலைக்கும் நோய்க்கும் எங்கே கோடு? பெரும்பாலான நாட்களில், மாதக்கணக்கில், காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடக்க முடியாத கவலை. தூக்கமின்மை, உடம்பு இறுக்கம், சீக்கிரம் களைப்பு. வேலைக்குப் போக முடியாமை. திடீரென்று நெஞ்சு படபடத்துச் செத்துவிடுவோம் என்ற பயம். இப்படி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகலாம். கூட்டத்தில் யாரோ சொன்னார்கள் என்று திடீரென நிறுத்தாதீர்கள்.

உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். மனநல உதவி எண்கள்: இந்தியாவில் டெலிமானஸ் 14416, இலங்கையில் 1926, எந்த நேரத்திலும் அழைக்கலாம். எலியாவுக்கும் அந்த எண்ணம் வந்தது. அவரைக் கடவுள் தள்ளிவிடவில்லை.

இது பிசாசின் வேலை என்று ஒருவர் சொன்னார்...

சங்கீதக்காரர் தன் ஆத்துமாவைப் பார்த்து "நீ ஏன் கலங்குகிறாய்?" என்றுதான் கேட்டார். பிசாசைத் துரத்தவில்லை. இரவெல்லாம் கத்தி ஜெபிக்கிறேன் என்று பணம் கேட்பவர் வந்தால் கதவைச் சாத்துங்கள்.

வீட்டில் ஒருவர் ஓயாமல் கவலைப்படுகிறார். அவரிடம் என்ன சொல்வது?

முதலில் எதைச் சொல்ல வேண்டாம் என்று பார்ப்போம். "விசுவாசம் இருந்தால் இப்படி அழ மாட்டாய்." "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா?" "எல்லாம் நன்மைக்கே." இவை மூன்றும் பேசுகிறவருக்கு மட்டும் ஆறுதல் தரும்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் வந்தவுடன் ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அது வரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். எட்டாவது நாள் வாயைத் திறந்துதான் கெடுத்தார்கள்.

எங்கள் பத்து நாளில் வகுப்பிலிருந்து ஒரு அக்கா வந்தார். வசனம் எதுவும் சொல்லவில்லை. "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, நாங்கள் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது டிபன் கேரியரை மேசையில் வைத்துவிட்டு, ரிசல்ட் வாங்கப் போகிற அன்றைக்குத் தானும் வருவதாகச் சொன்னார். வந்தார். காலை ஆறரை மணிக்கே போய் வரிசையில் நின்று எங்களுக்காக டோக்கன் எடுத்து வைத்திருந்தார்.